37 பேரும் 70 பேரும்: யாக்கோபு குடும்பத்தின் எகிப்துப் பயணமும் கலை, தொல்லியல் சான்றுகளும்

முன்னுரை

கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவில், நைல் ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி, பெனி ஹசன் என்னும் சுண்ணாம்புக்கல் குன்று நிற்கிறது. அதன் மேல்விளிம்பில் வரிசையாக 39 கல்லறைகள் குடையப்பட்டுள்ளன. கி.மு. 21 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை அந்த வட்டாரத்தை ஆண்ட தலைவர்களுக்கும் அவர்களது அதிகாரிகளுக்கும் உரியவை அவை. அவற்றுள் 2ஆம் எண் கல்லறையும் 3ஆம் எண் கல்லறையும் அக்கம்பக்கத்தில் உள்ளன. முதலாவதின் வாசற் கல்வெட்டு பஞ்ச ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவதின் வடக்குச் சுவரில், பெண்டு பிள்ளைகளோடும் கழுதைகளோடும் ஆசியப் பக்கத்திலிருந்து வந்துசேர்ந்த ஒரு கூட்டம் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது.

விவிலியத்தின் ஆதியாகமத்தைப் படித்தவர்களுக்கு இந்த இரண்டு வாசல்களும் சேர்ந்து ஒரு கதையை நினைவூட்டும். கானானில் பஞ்சம் கடுமையாகிறது. எகிப்தில் தானியம் உண்டு என்று கேள்விப்பட்ட யாக்கோபு தன் புதல்வர்களை அனுப்புகிறார். அவர்கள் ஒருகாலத்தில் விற்றுவிட்ட தம்பி யோசேப்பே அங்கே களஞ்சியங்களின் அதிபதியாக இருக்கிறார். முடிவில் முதியவர் யாக்கோபும் தம் குலம் முழுவதையும் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார். எகிப்துக்குப் போன யாக்கோபின் வீட்டார் 70 பேர் என்று நூல் கணக்குச் சொல்கிறது.

பெனி ஹசன் குன்றில் யாக்கோபின் பெயர் எங்கும் இல்லை. எகிப்திய ஆவணம் எதிலும் யோசேப்பு என்னும் அமைச்சர் இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே ‘விவிலியக் கதை நிரூபிக்கப்பட்டது’ என்று சொல்ல இக்கட்டுரை முனையவில்லை. பசி துரத்த, ஆடுமாடுகளோடு சினாய் வழியே எகிப்துக்குள் இறங்கிய குடும்பங்கள் எப்படி இருந்தன, அவர்களை எகிப்து எப்படிப் பார்த்தது, அவர்கள் எங்கே குடியமர்ந்தார்கள் என்பவற்றைக் கலையும் தொல்லியலும் கொண்டு காட்டுவதே நோக்கம். அந்த வழி ஒரு குடும்பத்தின் வழி மட்டுமன்று. பல நூற்றாண்டுகளாகப் பல குடும்பங்கள் நடந்து தேய்ந்த வழி. ஆதியாகமம் அவற்றுள் ஒன்றின் நினைவைப் பெயர்களோடு காத்து வைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மழையை நம்பிய நாடும் ஆற்றை நம்பிய நாடும்

கானானில் பஞ்சம் வந்தால் ஏன் எகிப்தை நோக்கி நடக்க வேண்டும்? விடை வானத்தில் இருக்கிறது. கானானின் விளைச்சல் மத்தியதரைக் கடலிலிருந்து குளிர்காலத்தில் வரும் மழையை நம்பியது. யாக்கோபு தம் பயணத்தின்போது பலியிட்டு வழிபட்டதாகச் சொல்லப்படும் பெயெர்செபா, ஆண்டுக்குச் சராசரியாக 200 மி.மீ. அளவே மழை பெறும் இடம். மானாவாரிப் பயிருக்கு அது விளிம்பு நிலை. அந்த மழையும் ஓராண்டு பொய்த்தால் கதிர் காயும். இரண்டாம் ஆண்டும் பொய்த்தால் கிணறு வற்றும். மூன்றாம் ஆண்டு மந்தை சாகும்.

எகிப்தின் நிலைமை வேறு. அங்கே மழை அபூர்வம். ஆனால் எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் கோடையில் கொட்டும் பருவமழை, நீல நைல் வழியாகவும் அத்பாரா வழியாகவும் இறங்கி, ஆண்டுதோறும் வயல்களை மூழ்கடித்து வண்டல் விட்டுச் சென்றது. கானானுக்கு மழை தருவது ஒரு காற்று, எகிப்துக்கு வெள்ளம் தருவது வேறொரு காற்று. ஒன்று பொய்த்த ஆண்டில் மற்றது பொய்க்க வேண்டும் என்பதில்லை. வறண்ட ஆண்டுகளில் கானானியர் தென்மேற்கே பார்த்ததற்கு இதுவே காரணம். ஆபிரகாம் பஞ்சத்தில் எகிப்துக்குப் போனதாகவும், ஈசாக்கு போகாமல் கேராரில் தங்கிவிட்டதாகவும் ஆதியாகமம் சொல்கிறது. மூன்று தலைமுறையிலும் பஞ்சம் என்றதுமே எகிப்தின் பேச்சு எழுகிறது.

ஆனால் நைலும் பொய்க்கும். எத்தியோப்பிய மழையும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையும் ஒரே பெரும் பருவக்காற்று அமைப்பின் கிளைகள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் கும்மிப் பாட்டாகவே பாடி வைத்தனர். அதே பஞ்சத்தின் நடுவில், 1877இல், நைல் வெள்ளமும் மிகத் தாழ்ந்து போனது. கானானும் எகிப்தும் ஒரே நேரத்தில் வறண்டதாக யோசேப்பின் கதை சொல்கிறது. இரண்டு காற்றும் சேர்ந்து பொய்க்கும் அந்தக் கொடிய நேரத்தில் காப்பாற்றக்கூடியது ஒன்றுதான்: முன்பே சேர்த்து வைத்த தானியம். கதையில் களஞ்சியம் நடுநாயகமாக நிற்பது இதனாலேயே.

பஞ்சத்தை எழுதிய கற்கள்

பசியை எகிப்தியக் கலை அரிதாகவே காட்டியது. அரசனின் ஆட்சியில் குறையேதும் இல்லை என்று காட்டுவதே அரசவைக் கலையின் கடமை. அதனால்தான் சக்காராவில், ஐந்தாம் வம்ச அரசர் உனாசின் பிரமிடுக்குச் செல்லும் நடைபாதைச் சுவரில் கிடைத்த புடைப்புச் சிற்பம் பார்ப்பவரை உலுக்குகிறது. கி.மு. 2350 அளவில் செதுக்கப்பட்ட அதில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும் மனிதர்கள் தரையில் சரிந்து கிடக்கிறார்கள். நிற்க முடியாதவரை மற்றொருவர் தாங்குகிறார். வயிறு ஊதிய குழந்தை ஒன்று நிற்கிறது. தோற்றத்தை வைத்து இவர்கள் பாலைவன மக்கள் என்று அறிஞர் கருதுகின்றனர். நாட்டின் விளிம்பில் வாழ்ந்தவர்களின் பசி, அரசனின் சுவர் வரை வந்து பதிந்திருக்கிறது.

பெனி ஹசனின் 2ஆம் கல்லறை அமெனி என்று அழைக்கப்பட்ட அமெனெம்ஹத் என்னும் வட்டாரத் தலைவருடையது. முதலாம் செனுஸ்ரெத் அரசரின் 43ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட வாசற் கல்வெட்டில் அவர் தம் வாழ்வைக் கணக்கு ஒப்படைப்பதுபோல் சொல்கிறார். பஞ்ச ஆண்டுகள் வந்தபோது தம் மாகாணத்தின் வயல்களைத் தெற்கெல்லை முதல் வடக்கெல்லை வரை உழுவித்ததாகவும், யாரும் பசித்திருக்கவில்லை என்றும், கணவனுள்ளவளுக்குக் கொடுத்ததுபோலவே விதவைக்கும் கொடுத்ததாகவும், பெரியவர் சிறியவர் என்று பாராட்டவில்லை என்றும் கூறுகிறார். பின்பு நல்ல வெள்ளம் வந்து விளைச்சல் பெருகியபோதும், பழைய வரிப்பாக்கியை வசூலிக்கவில்லை என்கிறார்.

இதைப் புகழ்ச்சி என்று தள்ளிவிடலாம். எகிப்தியத் தலைவர்கள் தம்மைப் பற்றி இப்படி எழுதுவது வழக்கமே. ஆனால் எதைப் புகழாகக் கருதினார்கள் என்பதே நமக்குப் பாடம். பஞ்சத்தில் சோறு போட்டவன் நல்ல அதிகாரி என்பது அங்கே நிலைத்த இலக்கணம். யோசேப்பின் கதை அந்த இலக்கணத்துக்குள் பொருந்துகிறது. ஓரிடத்தில் அதிலிருந்து விலகியும் நிற்கிறது. பாக்கியைத் தள்ளுபடி செய்தார் அமெனி. யோசேப்போ பணம் தீர்ந்ததும் கால்நடைகளையும், பின்பு நிலங்களையும் பார்வோனுக்காக வாங்கி, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வரியாக விதித்தார் என்று ஆதியாகமமே மறைக்காமல் எழுதுகிறது. பசி காலத்தில் தானியம் வைத்திருப்பவன் கையில் என்ன அதிகாரம் குவியும் என்பதை அந்த எழுத்தாளர் நன்கு அறிந்திருந்தார்.

களஞ்சியம் எப்படி நடந்தது என்பதையும் நாம் கண்ணால் காணலாம். தீப்ஸில் மெக்கெத்ரே என்னும் அதிகாரியின் கல்லறையில் 1920இல் ஹெர்பர்ட் வின்லாக் குழு கண்டெடுத்த மரப் பொம்மைகளுள் ஒரு களஞ்சியமும் உண்டு. ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழைமையான அது இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயர்ந்த மதில், சிறிய வாசல். உள்ளே சிலர் மூட்டைகளைச் சுமந்து படியேறிக் குதிர்களில் தானியத்தைக் கொட்டுகிறார்கள். வாசலை ஒட்டிய முற்றத்தில் கணக்கர்கள் மடியில் பலகையும் சுருளும் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சுமப்பவர்களுக்குச் சமமாக எழுதுபவர்களும் அங்கே முக்கியம். எண்ணிக்கையே எகிப்தின் பலம்.

யோசேப்பின் கதை சொல்லும் ‘ஏழு ஆண்டுப் பஞ்சம்’ என்னும் மரபும் எகிப்துக்குத் தெரிந்ததே. அஸ்வானுக்கு அருகில் சேஹேல் தீவின் பாறையில், டாலமி அரசர்கள் காலத்தில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு, மிகப் பழைய அரசரான ஜோசரின் ஆட்சியில் ஏழு ஆண்டுகள் நைல் பொய்த்ததாகக் கூறுகிறது. ஜோசருக்கு 2000 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது என்பதால் அதைக் கண்கூடான சாட்சியாகக் கொள்ள முடியாது. ஏழு என்னும் எண் இப்பகுதி மக்களின் பஞ்ச நினைவில் ஊறியிருந்தது என்பதற்கு அது சான்று.

வடக்குச் சுவர்

இனி 3ஆம் கல்லறை. இது இரண்டாம் க்னும்ஹோதெப்பினுடையது. கிழக்குப் பாலைவனத்தின் நிர்வாகி என்பது அவர் பதவிகளுள் ஒன்று. வடக்குச் சுவரில் அவர் ஆளுயரத்துக்கும் மிஞ்சி நிற்க, அவரை நோக்கி ஒரு வரிசை நகர்ந்து வருகிறது. முன்னே இரண்டு எகிப்தியர்கள், வெள்ளை இடுப்புத்துணியில். முதலாமவர் அரச எழுத்தர் நெபர்ஹோதெப். அவர் நீட்டும் ஆவணத்தின் எழுத்துகளும் நாம் படிக்கும்படி தீட்டப்பட்டுள்ளன: இரண்டாம் செனுஸ்ரெத்தின் 6ஆம் ஆண்டு, ஷு நாட்டு ஆமுக்கள், கண்மைப் பொருள் கொண்டுவந்தவர்கள், எண்ணிக்கை 37. கி.மு. 1890 அளவில் நடந்த நிகழ்ச்சி இது. ‘ஆமு’ என்பது ஆசியப் பக்கத்துச் செமித்திய மக்களை எகிப்தியர் அழைத்த பெயர். இரண்டாவதாக நிற்பவர் வேட்டைக்காரர் தலைவர் கேத்தி.

அவர்களுக்குப் பின்னே அந்தக் கூட்டத்தின் தலைவர் குனிந்து வருகிறார். அவர் கை ஒரு மலையாட்டைப் பிடித்திருக்கிறது. அருகே அபிஷா என்னும் பெயரும் ‘அயல்நாட்டுத் தலைவன்’ என்று பொருள்படும் பட்டமும் எழுதப்பட்டுள்ளன. அடுத்தவர் ஒரு மானை நடத்தி வருகிறார். பின்னால் நான்கு ஆண்கள்: வில், ஈட்டி, நம் வளரியை ஒத்த எறிகோல், வாத்தின் அலகு போன்ற கோடரி என ஆயுதம் தாங்கியவர்கள். பிறகு ஒரு கழுதை. அதன் முதுகிலுள்ள சுமையின் நடுவே இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறிய ஈட்டியுடன் ஒரு சிறுவன் நடந்து வருகிறான். நான்கு பெண்கள், கூந்தலில் பட்டை கட்டி, கணுக்கால் வரை மூடிய காலணி அணிந்து நிற்கிறார்கள். இன்னொரு கழுதை. அதற்குப் பின்னே சுரமண்டலம் போன்ற நரம்புக் கருவியை வாசித்துக்கொண்டே ஒருவர். கடைசியாக வில்லும் அம்பறாத்தூணியும் கோடரியும் கொண்ட ஒருவர்.

ஓவியர் மிகக் கவனம் செலுத்தியது ஆடையில். சிவப்பும் நீலமும் வெள்ளையும் மாறி மாறி வரும் கோடுகள், அம்பு முனைகள், புள்ளிகள், வளையங்கள் என ஒவ்வோர் ஆடையும் ஒவ்வொரு நெசவு. எகிப்தியர் அணிந்த வெறும் வெள்ளைத் துணிக்கு எதிரில் இந்த வண்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன. யோசேப்புக்கு யாக்கோபு கொடுத்த ஆடையைத் தமிழ் விவிலியம் பலவருண அங்கி என்கிறது. மூல எபிரேயச் சொல்லின் பொருள் இன்னும் விவாதத்தில் உள்ளது. நீண்ட கையுள்ள ஆடை என்று கொள்வோரும் உண்டு. எப்படியாயினும், அக்கால மேய்ச்சல் குலங்களிடம் பல வண்ண நெசவு மதிப்புக்குரிய உடையாக இருந்தது என்பதை இந்தச் சுவர் உறுதி செய்கிறது.

விலங்குகளையும் கவனிக்க வேண்டும். இங்கே ஒட்டகம் இல்லை, சுமப்பவை கழுதைகளே. தானியம் வாங்கப் போன யாக்கோபின் புதல்வர்களும் கழுதைகளிலேயே சுமை ஏற்றினர். தந்தைக்கு யோசேப்பு அனுப்பியவையும் கழுதைகளும் வண்டிகளும்தான். லெவந்துப் பகுதியில் வீட்டு ஒட்டகம் பரவலானது கி.மு. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்று திம்னா செப்புச் சுரங்கங்களில் கிடைத்த எலும்புகள் காட்டுகின்றன. ஆதியாகமத்தின் வேறு பகுதிகளில் வரும் ஒட்டகங்கள் பிற்காலத்தவரின் கைவண்ணமாக இருக்கலாம். பஞ்சப் பயணத்தைச் சொல்லும் பகுதியோ பழைய வழியின் நடையை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

சுவரை வாசித்தவர்கள்

இந்த ஓவியத்தை உலகம் வாசித்த வரலாறே ஒரு பாடம். எகிப்திய எழுத்தைப் படித்தறிந்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1828இல் இங்கே வந்தபோது, இவர்களைக் கிரேக்கர் என்று எண்ணினார். அதே நூற்றாண்டில் பலர் இதில் யாக்கோபின் குடும்பத்தையே கண்டுவிட்டதாக மகிழ்ந்தனர். 37 என்னும் எண்ணும் அபிஷா என்னும் பெயரும் அந்த மகிழ்ச்சிக்கு இடையூறாயின. 1890களில் பெர்சி நியூபெரியின் தலைமையில் கல்லறைகள் முறையாகப் படியெடுக்கப்பட்டன. பின்னாளில் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்டு கார்ட்டர், 17 வயதில் தூரிகையுடன் எகிப்துக்கு வந்ததும் இந்தப் பணிக்காகத்தான். அண்மைக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் மக்காரி பல்கலைக்கழகத்து நகீப் கனவாத்தி குழுவினர் 3ஆம் கல்லறையை மீண்டும் ஆவணப்படுத்தி 2014இல் வெளியிட்டனர்.

இன்றைய நிலை இது: சுவரில் இருப்பவர்கள் பஞ்சத்தில் வந்தவர்கள் என்று எந்த எழுத்தும் சொல்லவில்லை. அவர்கள் கண்மைக்கான கரிய தாதுவைக் கொண்டு வந்தவர்கள். அத்தாது எகிப்தின் கிழக்குப் பாலைவனத்திலேயே கிடைத்தது. எனவே வணிகமா, மரியாதைச் சந்திப்பா, சுரங்க வேலை சார்ந்த உறவா என்னும் விவாதம் தொடர்கிறது. ஷு எங்கே என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் வெறும் வணிகக் குழு என்றால் குழந்தைகள் எதற்கு, பெண்கள் எதற்கு? குடும்பமாக நகர்வதே இவர்களின் வாழ்க்கை முறை. யாக்கோபின் கதையில் வரும் மனிதர்களுக்கு நம் கண் முன் ஓர் உருவம் தருவது இந்த ஒற்றுமைதான். அபிஷா யாக்கோபு அல்லர். ஆனால் யாக்கோபைப் போன்ற ஒருவரை எகிப்தியக் கண் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை அபிஷாவே நமக்குக் காட்டுகிறார்.

காலத்துக்குக் காலம் கலைஞர்கள் தம் கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டே இக்கதையை வரைந்தார்கள். வெனிஸ் நகரின் புனித மாற்கு பேராலய முகமண்டபத்தில் 13ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியம், யோசேப்பின் களஞ்சியங்களைப் பிரமிடுகளாகவே காட்டுகிறது. பிரமிடுகள் தானியக் குதிர்கள் என்று இடைக்கால ஐரோப்பா நம்பியது. மெக்கெத்ரேயின் சிறிய மரக் களஞ்சியம் மண்ணுக்குள் காத்திருந்த காலம் அது. தொல்லியல் அந்த நம்பிக்கையைத் திருத்தியபோது கதை சிறுத்துவிடவில்லை. மூட்டை சுமப்பவரின் தோளும் கணக்கரின் கையும் நமக்குக் கிடைத்தன.

எல்லைக் காவலரின் கடிதம்

பசிக்காக எல்லை தாண்டியவர்களைப் பற்றிய நேரடிச் சான்று சுவரில் இல்லாவிட்டாலும் காகிதச் செடிச் சுருளில் இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஆறாம் அனஸ்தாசி பப்பைரஸில், கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஓர் அறிக்கை படியெடுத்து வைக்கப்பட்டுள்ளது. எல்லை அதிகாரி ஒருவர் தம் மேலதிகாரிக்கு எழுதுகிறார். ஏதோம் பகுதியின் ஷாசு குலத்தார், செக்கு என்னும் இடத்து மெர்நெப்தா அரசரின் கோட்டையைக் கடந்து, பெர்-ஆத்தும் பகுதியின் குளங்களுக்குச் செல்ல அனுமதித்து முடித்தாகிவிட்டது என்கிறார். அவர்களையும் அவர்களது மந்தைகளையும் உயிரோடு காப்பதற்காக என்று காரணமும் சொல்கிறார்.

செக்கு, இன்றைய வாதி துமிலாத் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. நைல் கழிமுகத்தின் கிழக்கு விளிம்பிலிருந்து சினாய் நோக்கி நீளும் அந்தப் பள்ளத்தாக்கையும் அதைச் சூழ்ந்த கழிமுகப் பகுதியையுமே, யாக்கோபின் வீட்டார் குடியமர்ந்ததாகச் சொல்லப்படும் கோசேன் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். ஆதியாகமத்தில் யோசேப்பின் சகோதரர் பார்வோன் முன் நின்று, கானானில் மந்தைக்கு மேய்ச்சல் இல்லை, கோசேனில் தங்க விடுங்கள் என்று வேண்டுகின்றனர். மனு போடும் பக்கம் ஆதியாகமம். அனுமதி வழங்கும் பக்கம் அந்த அறிக்கை. ஒன்று வாசலுக்கு வெளியே நின்றவரின் குரல், மற்றொன்று வாசலைக் காத்தவரின் குரல்.

அந்தக் காவல் வாசலும் பழையது. பன்னிரண்டாம் வம்சத்தின் தொடக்கத்தைப் போற்றும் நெபர்த்தியின் வருவதுரைத்தல் என்னும் இலக்கியம், ‘அரசனின் மதில்கள்’ கட்டப்படும் என்றும், ஆசியர் தம் வழக்கப்படி மந்தைகளுக்குத் தண்ணீர் இரந்து கேட்பார்கள் என்றும் பேசுகிறது. பஞ்சத்தில் வருகிறவர்களைப் பற்றிய பழக்கமும் எரிச்சலும் இரக்கமும் அந்த ஒரு வரியில் கலந்திருக்கின்றன. மேய்ப்பர்கள் எகிப்தியருக்கு அருவருப்பானவர்கள் என்று ஆதியாகமம் எச்சரிப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஷாசுக்களைப் பற்றிய அறிக்கை எழுதப்பட்ட காலம் தற்செயலானதன்று. கலிலேயாக் கடலின் அடிமண்ணில் படிந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, கி.மு. 1250 முதல் 1100 வரை கடும் வறட்சி நிலவியதாகக் காட்டியது. மெர்நெப்தா தம் கர்னாக் கல்வெட்டில், ஹத்தி நாட்டை உயிரோடு வைத்திருக்கக் கப்பல்களில் தானியம் அனுப்பியதாகச் சொல்கிறார். கிழக்கு மத்தியதரைக் கடல் முழுவதும் பசித்தபோது எகிப்தின் குதிர்களை எல்லோரும் நோக்கினார்கள்.

கோசேன் மண்ணில் கிடைத்த வீடுகள்

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? கிழக்குக் கழிமுகத்தில் தெல் எத்-தபா என்னும் மேட்டில் 1966 முதல் ஆஸ்திரிய அறிஞர் மான்ஃபிரெட் பீதாக் தலைமையில் நடந்த அகழாய்வு இதற்கு விடை தந்தது. பிற்காலத்தில், ஆசிய வழிவந்த ஹிக்சோஸ் அரசர்களின் தலைநகரான அவாரிஸ் இதுவே. ஆனால் அரண்மனைக்கு முன்பே வீடுகள் இருந்தன. பன்னிரண்டாம் வம்சத்தின் பிற்பகுதி மண்ணடுக்கில் வட சிரியாவின் கட்டட முறையில், நடுவே கூடம் வைத்த வீடு ஒன்று கிடைத்தது. வீட்டையொட்டிய புதைகுழிகளில் கானானிய ஆயுதங்கள் இருந்தன. வாசலில் கழுதைகளைப் பலியிட்டுப் புதைத்த வழக்கமும் தெரிந்தது. அங்கே உடைந்த துண்டுகளாகக் கிடைத்த சுண்ணாம்புக்கல் சிலை ஒன்று ஆளை விடப் பெரியது: காளான் குடைபோல் சீவிய முடி, மஞ்சள் தீட்டிய மேனி, தோளில் எறிகோல். பெனி ஹசன் சுவரில் நடந்து வந்தவர்களின் அதே முடி, அதே கோல். அதை யோசேப்பின் சிலை என்று எழுதியவர்களும் உண்டு. பெயர் எதுவும் இல்லாத சிலைக்கு அந்தப் பெயரைச் சூட்ட ஆதாரமில்லை.

சிலையை விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சிறு மணிக்கல். பதின்மூன்றாம் வம்சக் காலத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த முத்திரை வண்டு, அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் பொருளகத்தின் துணைத் தலைவர் என்று கூறுகிறது. அவர் பெயர் ஆமு, அதாவது ‘ஆசியன்’. உயர்ந்த எகிப்தியப் பதவி, காலை மடக்கிக் கிடத்தும் கானானிய அடக்க முறை, வாசலில் கழுதைகள். ஊரார் இட்ட அயலான் என்னும் பெயரையே சுமந்து ஒருவர் கருவூலத்தின் உயர்படி வரை ஏறியிருக்கிறார். யோசேப்பின் ஏற்றம் அந்தச் சூழலில் நினைத்துப் பார்க்கக்கூடிய ஒன்றே.

2020இல் வெளியான ஓர் ஆய்வு இம்மக்களின் பற்களையே சாட்சிக்கு அழைத்தது. குழந்தைப் பருவத்தில் பல்லின் எனாமல் உருவாகும்போது, வளரும் ஊரின் மண்ணிலுள்ள ஸ்ட்ரான்சியம் அதில் பதிந்துவிடும். அவாரிஸில் புதைக்கப்பட்ட 75 பேரின் பற்களை ஆராய்ந்தபோது, ஹிக்சோஸ் ஆட்சிக்கு முந்தைய தலைமுறைகளிலேயே வெளியூரில் வளர்ந்தவர்கள் கணிசமாக இருந்தது தெரிந்தது. வந்தவர்களுள் பெண்கள் மிகுதி. படையெடுத்து வந்த கூட்டம் என்னும் பழைய சித்திரத்துக்கு இது பொருந்தவில்லை. மெல்ல மெல்ல, வீடு வீடாக நிகழ்ந்த குடியேற்றமே இதற்குப் பொருந்துகிறது.

பட்டியலில் இருந்த பெயர்கள்

எல்லோருக்கும் கருவூலம் கிடைக்கவில்லை. புரூக்ளின் அருங்காட்சியகத்திலுள்ள பப்பைரஸ் ஒன்றில், பதின்மூன்றாம் வம்சக் காலத்து வீடொன்றின் ஊழியர் பட்டியல் உள்ளது. ஏறத்தாழ 95 பெயர்களுள் பாதிக்கு நெருக்கமானவை ஆசியர்களுடையவை. ஆண்கள் சமையல், வீட்டு மேற்பார்வை போன்ற வேலைகளில். பெண்களுள் பலர் தறியில். பலருக்கும் புதிதாக ஓர் எகிப்தியப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. யாத்திராகமத்தில் வரும் மருத்துவச்சி சிப்பிராளின் பெயரும் இப்பட்டியலில் இருக்கிறது. எகிப்திய அதிகாரி போத்திபாரின் வீட்டில் ஊழியனாகி, மேற்பார்வையாளனாகி, பின் பார்வோனிடம் புதுப் பெயர் பெற்ற யோசேப்பின் பாதை இந்தத் தாளில் பலருடைய அன்றாடமாகத் தெரிகிறது. யாக்கோபு என்னும் பெயரின் மூலமும் அக்காலத்து வழக்கில் இருந்தது. ஹிக்சோஸ் காலத்தை ஒட்டிய முத்திரை வண்டுகளில் யாக்கூப்-ஹர் என்னும் ஆட்சியாளர் பெயர் காணப்படுகிறது. இவர் விவிலியத்தின் யாக்கோபு அல்லர். அப்பெயர் அந்த மக்களிடையே உயிரோடு இருந்தது என்பதே செய்தி.

கதை எழுத்து வடிவம் பெற்ற காலம் பற்றி அறிஞர் இரு பக்கம் நிற்கின்றனர். யோசேப்பு விற்கப்பட்ட 20 வெள்ளி விலை கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் முற்பகுதிக்கு உரியது என்று கென்னத் கிச்சன் வாதிட்டார். கதையில் வரும் எகிப்தியப் பெயர்களும் சூழலும் கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியவை என்று டொனால்டு ரெட்ஃபோர்டு வாதிட்டார். கதையில் வரும் ராமசேஸ் நாடு என்னும் சொல்லும் பிற்காலத்துடையதே. என் கருத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. பல தலைமுறை வாய்வழியாக வந்த நினைவு, எழுதியவரின் காலத்துச் சொற்களை உடுத்திக்கொள்வது இயல்பு. தொல்லியல் நமக்குத் தருவது ஒரே ஓர் ஆண்டின் நிகழ்ச்சியை அன்று. ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குத் தொடர்ந்த நடமாட்டத்தை.

முடிவுரை

மீண்டும் பெனி ஹசன் சுவருக்கு வருவோம். ஆவணத்தில் 37 பேர் என்று எழுதியிருந்தாலும் வரையப்பட்டவர்கள் 15 பேரே: 8 ஆண்கள், 4 பெண்கள், 3 குழந்தைகள். மற்ற 22 பேர் எண்ணாக மட்டும் நிற்கிறார்கள். வரையப்பட்ட 15 பேரிலும் பெயர் கிடைத்தது அபிஷாவுக்கு மட்டுமே. எகிப்து எண்ணிற்று, தேதியிட்டது, வாசலைத் திறந்தது. அந்தக் கணக்கரின் நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆதியாகமத்தின் 46ஆம் அதிகாரமும் ஒரு பட்டியல்தான். ஆனால் அது வீட்டுக்குள்ளிருந்து எழுதப்பட்டது. 70 என்ற கூட்டுத்தொகைக்கு முன் ஒவ்வொரு தாயின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெயர் பெயராக வருகிறார்கள். மகள் தீனாளும் பேத்தி செராக்கும்கூட விடுபடவில்லை. இருந்தும் ஒரு குறை உண்டு. யாக்கோபின் மருமக்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை என்று அதிகாரமே சொல்லிவிடுகிறது. நடந்து வந்த அந்தப் பெண்களுக்கு எண்ணும் இல்லை.

அவர்களைத் தேடுவோர் 3ஆம் கல்லறையின் வடக்குச் சுவருக்குப் போகலாம். கூந்தலில் பட்டை கட்டி, நீண்ட வழிக்கு ஏற்ற காலணி அணிந்து, நான்கு பெண்கள் அங்கே நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால், கழுதையின் மேல், இரண்டு குழந்தைகள்.